கை நுழையாத கலயம்

அந்தக் கலயத்தின் வாய்க்குள் யாருடைய கையும் நுழையாது. நான் முதலில் கவனித்தது அதைத்தான். கூட வந்தவர்கள் அதன் கறுப்பையும் சிவப்பையும் வழவழப்பையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வயிறு இரண்டு படி தானியம் கொள்ளும் அளவுக்குப் பருத்திருந்தது. கழுத்து மட்டும் ஒடுங்கி, மூன்று விரல் போகிற அளவில் நின்றுவிட்டது. பக்கத்தில் வைத்திருந்த சீட்டில் நீர்க்கலயம் என்று எழுதியிருந்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அப்போது எனக்குப் பதினாறு வயது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

சரவணா, இந்தக் கலயம் உனக்குத் தெரிந்ததுதான். நீ ஏழாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்திலிருந்து கள்ளக்குறிச்சி அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போய்க் காட்டினார்கள். கலயத்துக்கு மேலே சுவரில் ஒரு சார்ட் ஒட்டியிருந்தது, அதில் அந்தக் கலயத்தை வைத்திருந்த பழங்காலத்துப் பெண்ணைப் பற்றி ஒரு கதை எழுதியிருந்தது, கடைசி இரண்டு வரியை மட்டும் வெள்ளைக் காகிதம் ஒட்டி மறைத்திருந்தார்கள் என்று வீட்டுக்கு வந்து சொன்னாய். உனக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். "அதுக்கு அடியில இன்னா எழுதியிருக்கும் யம்மா?" என்றாய். "மை கொட்டியிருக்கும், அத்த மறைக்க ஒட்டியிருப்பாங்க" என்றேன். உனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. நகத்தால் பிரித்துப் பார்க்கப் போய் வாத்தியாரிடம் குட்டு வாங்கியதையும் அப்போதுதான் சொன்னாய்.

இப்போது உன் வேலையே அதுவாகிவிட்டது. அருங்காட்சியகங்களுக்குப் பெண்களை வரவழைத்து, பழைய பொருள்களுக்கு முன்னால் உட்காரவைத்து, அதை வைத்திருந்தவளின் கதையையும் தங்கள் கதையையும் சேர்த்துச் சொல்லவைக்கிறாய். எந்த ஊருக்குப் போனாலும் அந்தச் சார்ட்டின் படத்தைக் காட்டி, காகிதத்துக்கு அடியில் என்ன இருந்திருக்கும் என்று கேட்டுத்தான் ஆரம்பிக்கிறாய் என்று போன பொங்கலுக்கு வந்தபோது சொன்னாய். போன வாரம் போன் செய்து, அடுத்த மாதம் கள்ளக்குறிச்சியில் அதே அறையில் நடத்தப் போவதாகச் சொன்னாய். "நீயும் ஆயாவும் மொத வரிசையில ஒக்காரணும். ஆயாவதான் மொதல்ல கேக்கப் போறேன்" என்றாய். நான் "பாக்கலாம்" என்று வைத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமில்லை. அந்தக் கதையைச் சொன்னது நான். காகிதத்தை ஒட்டச் சொன்னதும் நான். அதற்கு அடியில் இருப்பது உன் ஆயாவைப் பற்றிய, என் அம்மாவைப் பற்றிய இரண்டு வரி. அது அங்கே எழுதப்பட்டிருந்த விஷயம் அவளுக்கு இன்றுவரை தெரியாது. நீ ஊர்ப் பெண்களுக்கு நடுவில் அவளை உட்காரவைத்து அதையே கேட்கப் போகிறாய். போனில் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன். எட்டாவது படித்தவளுக்கு இவ்வளவு நீளமா என்று சிரிக்காதே. நீ வீட்டில் விட்டுப்போன புத்தகங்களையெல்லாம் நான்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் நான் கையைத்தான் தூக்குவேன். "உள்ளேன் ஐயா" என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. எட்டாவது படிக்கும்போது கடைசியாகப் பிறந்த தங்கைக்கு ஒரு வயது. அம்மா வேலைக்குப் போக வேண்டும் என்றால் அவளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். ஒரு திங்கட்கிழமை நான் போகவில்லை, அதோடு முடிந்தது. டீச்சர் அதைக் கவனித்து வீட்டுக்கு ஆள் அனுப்புவதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. என் மேல் அவருக்குப் பிரியம் இல்லாமல் இல்லை. நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வகுப்பில் சத்தம் ஒரே அளவாகத்தான் இருந்திருக்கும்.

அந்த நாளில் நம் ஊரில் மகளிர் குழு ஆரம்பித்திருந்தார்கள். அம்மா அதில் உறுப்பினர். குழுவுக்குத் தலைவி களத்து வீட்டம்மா. ஊரிலேயே பெரிய களம் அவர்களுடையது என்பதால் அந்தப் பெயர். அம்மாவும் தெருவிலுள்ள மற்றப் பெண்களும் வருஷத்தில் பாதி நாள் அந்த வீட்டு நிலத்திலோ களத்திலோதான் வேலை செய்தார்கள். கள்ளக்குறிச்சியில் புதிதாக ஓர் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள், மலையடிவாரத்தில் தோண்டியெடுத்த பானைகளெல்லாம் வைத்திருக்கிறார்கள், குழுப் பெண்கள் ஒரு நாள் வந்து போகவேண்டும், சாப்பாடு உண்டு என்று சொல்லிவிட்டார்கள். அது கார்த்திகை மாதம். களத்து வீட்டில் விதை மல்லாட்டை உடைப்பு, விதைக்கு நிலக்கடலை உரிக்கிற வேலை, நடந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்தால் போதும் என்றதால் அம்மா உடைக்கப் போய்விட்டு என்னை அனுப்பினாள். "போய் கையெழுத்து போட்டுட்டு, சோத்த துன்னுட்டு வா. ஒன்ன யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றாள். தங்கையை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு, நைனார்பாளையம் வரைக்கும் நடந்து, அங்கிருந்து பஸ் ஏறினோம். பஸ்ஸில் என் பக்கத்தில் அஞ்சலை அக்கா உட்கார்ந்தாள். எதிர் வீட்டுக்காரி, வாய் ஓயாதவள். "செவுத்துல கீற பல்லிகூட ரெண்டு சத்தம் போடும், இவ போட மாட்டா. நல்ல ஆளப் பாத்துதான் ஒங்கம்மா அனுப்பிக்கிறா" என்றாள். பஸ்ஸே சிரித்தது.

அருங்காட்சியகத்தை நடத்த உஷா மேடம் சென்னையிலிருந்து வந்திருந்தார். அப்போது அவருக்கு முப்பது வயது இருக்கும். நீ இப்போது பேசுகிற மாதிரிதான் பேசினார். ராஜா கதை வேண்டாம், இந்த அம்மியில் அரைத்தவள் யார், இந்த மணியைக் கோத்தவள் யார், அவளுக்குக் கால் வலித்திருக்குமா, மாமியார் இருந்திருப்பாளா, அதைச் சொல்லுங்கள் என்றார். அப்புறம் உங்களுக்கும் அவளுக்கும் எது ஒன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள் என்றார். ஆளுக்கொரு பொருளுக்கு முன்னால் உட்காரச் சொன்னார். அஞ்சலை அக்கா அரைக்கும் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து, "இதுல அரைச்சவளுக்கு இடுப்பு வலி, எனக்கும் இடுப்பு வலி, அவ்ளோதாங்க மேடம் ஒத்துமை" என்று முடித்துவிட்டாள். நான் கலயத்துக்கு முன்னால் இருந்தேன். என் முறை வந்தபோது வழக்கம் போலத் தலையைக் குனிந்துகொண்டேன். மேடம் விட்டுவிட்டுப் போயிருக்கலாம். அவர் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "எனக்கு மட்டும் சொல்லும்மா. இதை எதுக்கு வச்சிருந்திருப்பா?" என்று மெதுவாகக் கேட்டார். அவருக்கு மட்டும் சொல்வதாக நினைத்துத்தான் ஆரம்பித்தேன். ஆனால் அறை அமைதியாக இருந்தது. நான் பேசியது எல்லோருக்கும் கேட்டது.

"இது தண்ணிக்கில்லிங்க மேடம். தண்ணின்னா உள்ள கையி வுட்டு கழுவணும், இதுல கையி போவாது. கையி போவக் கூடாதுன்னுதான் இப்டி பண்ணிக்கிறாங்க. வேலைக்குப் போன எடத்துலர்ந்து அவ மடியில ஒரு கைப்புடி தானியம் கட்டிக்கினு வந்திருப்பா. அத்த இதுல போட்டு வெச்சா புருஷன் கையும் போவாது, புள்ளைங்க கையும் போவாது. கவுத்தாதான் வரும். கவுத்தா சத்தம் கேக்கும். அவளா பாத்து எல்லாருக்கும் சமமா கொட்டுவா" என்றேன். மேடத்தின் முகத்தைப் பார்த்தேன். யாரும் என் முகத்தை அதற்கு முன் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்ததில்லை. "சரி, அவளுக்கும் உனக்கும் எது ஒண்ணு?" என்று கேட்டார். "எங்கம்மாவும் இப்டிதாங்க, வாய் சின்னதா ஒரு பித்தள சொம்பு வெச்சிக்கினு கீது. மடியில கட்டிக்கினு வர்ற மல்லாட்டைய அதுலதான் போடும்" என்றேன்.

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். கேலியான சிரிப்பு இல்லை. அஞ்சலை அக்கா தொடையில் தட்டிக்கொண்டு, "அப்பலேர்ந்தே நம்ம பொழப்பு இதேதான் நடந்துகினு இருந்திருக்குது பாரேன்" என்றாள். அப்புறம் ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். முன்னால் நாற்காலியில் களத்து வீட்டம்மா உட்கார்ந்திருந்தார். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார்.

விதை மல்லாட்டை உடைப்பு எப்படி நடக்கும் என்று உனக்குத் தெரியாது. நீ பிறந்தபோது மெஷின் வந்துவிட்டது. களத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, பருப்பு நசுங்காமல் விரலாலேயே உடைக்க வேண்டும். படிக் கணக்கில் கூலி. உடைக்கும்போது எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம், வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. இது வாயால் சொன்ன சட்டம். சொல்லாத சட்டம் ஒன்றும் இருந்தது. பொழுது சாய்ந்து வேலை விடும் நேரத்தில் களத்து வீட்டம்மா, "நான் போயி வெளக்கேத்தறேன்" என்று உள்ளே போய்விடுவார். பெண்கள் களத்து வாசல் படலைத் தாண்டிப் போகிற வரைக்கும் வெளியே வர மாட்டார். அந்த நேரத்தில் ஒவ்வொரு மடியிலும் ஒரு கைப்பிடி ஏறும். அது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது பெண்களுக்கும் தெரியும். பல வருஷமாக அப்படித்தான் நடந்தது. அந்தக் கைப்பிடியை அம்மா அன்றைக்கே கொடுத்துவிட மாட்டாள். சொம்பில் போட்டு வைப்பாள். அப்பா கையில் கிடைத்தால் சாராயத்துக்குக் கடித்துக்கொள்ள எடுத்துக்கொண்டு போய்விடுவார். எங்கள் நான்கு பேர் கையில் கிடைத்தால் ஒரே நாளில் தீர்ந்துவிடும். களியோ கூழோ மட்டும் இருக்கிற நாட்களில் அவள் சொம்பைக் கவிழ்த்து எங்களுக்குப் பங்கு வைப்பாள். பித்தளையில் மல்லாட்டை உருளுகிற சத்தம் தெருவில் விளையாடிக்கொண்டிருக்கும் தம்பிகளுக்குக்கூடக் கேட்டுவிடும்.

திரும்பி வந்து நைனார்பாளையத்தில் இறங்கி ஊருக்கு நடக்கும்போது அஞ்சலை அக்கா, "வூட்டுக்குப் போனதும் ஒங்கம்மாகிட்ட சொல்லிடு" என்றாள். எனக்குப் புரிந்தது. அன்று ராத்திரி அம்மா, "இன்னா சோறு போட்டாங்க?" என்று கேட்டாள். சாம்பார் சாதம் என்றேன். "யாராச்சும் ஒன்ன எதாச்சும் கேட்டாங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். இல்லை என்றேன். பயத்தில் சொன்னது என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். பயம் பாதிதான். மேடம் என்னைப் பார்த்த விதத்தை இன்னும் ஒரு நாள் அப்படியே வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். அம்மாவிடம் சொன்னால் அது கெட்டுப்போய்விடும். பேசக் கூடாத இடத்தில் பேசியதை நான் இப்போது பெரிய தப்பாக நினைக்கவில்லை. பதினாறு வயதில் யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கத் தெரியாது. வீட்டுக்கு வந்து சொல்லாமல் இருந்தேனே, அதுதான் தப்பு.

மறுநாள் சாயங்காலம் தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு களத்துக்குப் போனேன். வழியிலாவது சொல்லிவிடலாம் என்று. வேலை விட்டிருந்தார்கள். பெண்கள் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. களத்து வீட்டம்மா படலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். "எல்லாரும் மடிய ஒரு தரம் ஒதறிட்டு போங்கம்மா" என்றார். அதட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். அஞ்சலை அக்கா உதறினாள், ஒன்றும் விழவில்லை. அடுத்தவளும் உதறினாள், ஒன்றும் விழவில்லை. கள்ளக்குறிச்சிக்கு வந்தவர்கள் எல்லோரும் அன்றைக்கு எதையும் கட்டிக்கொள்ளவில்லை. வராதவர்களுக்கும் அவரவர் வீட்டில் சொல்லியிருந்தார்கள். அம்மாவுக்கு நான் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டார்கள். அம்மா மட்டும் மடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். படலுக்கு வெளியே நின்ற என்னைப் பார்த்தாள். அப்புறம் அவிழ்த்து உதறினாள். காய்ந்த களத்தில் மல்லாட்டை விழுந்து தெறித்தது. ஒன்றிரண்டு களத்து வீட்டம்மாவின் கால்வரைக்கும் உருண்டது.

அவருடைய முகம் சுருங்கிவிட்டது. அப்படி நடக்கும் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை. "எடுத்துக்கினு போ, பரவால்ல" என்றார். அம்மா குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். பொறுக்கி முடித்து, உடைத்த குவியலிலேயே கொண்டுபோய்ப் போட்டாள். களத்து வீட்டம்மா யாரையும் பார்க்காமல், "எனக்கு இன்னா, நான் பாட்டுக்கு வெளக்கேத்திக்கினு இருந்தேன். ஒலகத்துக்கே கேக்கறா மாதிரி சொன்னா நான் இன்னா பண்றது?" என்றார். என்னைத்தான் சொன்னார். அது பொய்யில்லை என்று எனக்கு இப்போது படுகிறது. அவர் வருஷக்கணக்காகப் பார்க்காமல் இருந்ததை நான் நாலு பேருக்கு முன்னால் அவர் கண்ணெதிரே எடுத்து வைத்துவிட்டேன். வீட்டுக்குப் போகிற வழியில் அம்மா தங்கையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். "நீ சொன்னியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "சொன்னேன்னு ஏங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல" என்றாள். அவ்வளவுதான். அன்றைக்கும் திட்டவில்லை, பிறகும் திட்டவில்லை.

அதன் பிறகு தினமும் மடி உதறல் நடந்தது. அம்மா அந்த உடைப்புக்கு மறுபடி போகவில்லை. பத்து நாள் கழித்து மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டப் போகிற ஆட்களோடு சேர்ந்துகொண்டாள். அவள் அதற்கு முன் கரும்பு வெட்டியதே இல்லை. கரும்புத் தோட்டத்திலேயே கொட்டாய் போட்டுத் தங்க வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை வந்து அரிசி வாங்கிப் போட்டுவிட்டுப் போவாள். தம்பிகளையும் தங்கையையும் நான் பார்த்துக்கொண்டேன். மாசி மாதம் இடது கையில் துணி சுற்றிக்கொண்டு வந்தாள். சின்ன வயதில் நீ அவள் மடியில் உட்கார்ந்து அந்த ஆட்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டு, "இது ஏன் குட்டையா கீது ஆயா?" என்று கேட்பாய். "கரும்புக்குக் கொடுத்துட்டேன்" என்பாள். நீ சிரிப்பாய். நான் எழுந்து வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவேன்.

அம்மா கரும்புக்குப் போன முதல் மாதத்தில்தான் நான் தனியாகப் பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சிக்குப் போனேன். நான் சொன்னதை உஷா மேடம் சார்ட்டில் எழுதி, கலயத்துக்கு மேலே என் பெயரோடு ஒட்டியிருக்கிறார் என்று அங்கே குழு மீட்டிங்குக்குப் போய்வந்த அஞ்சலை அக்கா சொன்னாள். உண்மைதான். அழகான எழுத்து. நீர்க்கலயம் என்ற சீட்டையும் எடுத்துவிட்டு, தானியக் கலயமாக இருக்கலாம் என்று மாற்றி எழுதியிருந்தார். மேடம் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "உன் கதையைப் படிக்காம யாரும் இந்த இடத்தைத் தாண்டறதில்லம்மா" என்றார். "அத்த எடுத்துடுங்க மேடம்" என்றேன். ஏன் என்று கேட்டார். எனக்குக் காரணம் சொல்ல வரவில்லை. "பேரு வேணாம்" என்று மட்டும் சொன்னேன். பெயரை அடித்துவிட்டு, ஒரு பெண் சொன்னது என்று எழுதினார். "எங்கம்மாவும் வேணாம்" என்றேன். என் முகத்தில் என்ன பார்த்தாரோ, அதன் பிறகு கேள்வி கேட்கவில்லை. ஒரு வெள்ளைக் காகிதத்தை அளந்து வெட்டி, பசை தடவி என் கையில் கொடுத்தார். "நீயே ஒட்டிடும்மா" என்றார். கடைசி இரண்டு வரியின் மேல் ஒட்டினேன். நான்கு மூலையையும் விரலால் அழுத்திவிட்டேன். நீ நகத்தை வைத்து நெம்பிப் பார்த்தது அதைத்தான்.

இதையெல்லாம் சொல்வது, உன் வேலை தப்பு என்று சொல்வதற்கு இல்லை. அந்த நாலு நிமிஷம் என் குரலை நானே கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. அதற்கு இவ்வளவு ஆனதே என்று வருத்தப்படும்போதும் அது பிடித்திருந்தது என்பதை மறைக்க முடியவில்லை. பிற்பாடு உன் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று, என் மகனைக் கடைசி பெஞ்சிலிருந்து மாற்றுங்கள் என்று கேட்டேனே, அந்தக் குரல் அங்கேதான் கிடைத்தது. ஆனால் ஒரு பெண்ணைப் பேசச் சொல்வதற்கு முன்னால் அந்த அறையில் யார் நாற்காலியிலும் யார் தரையிலும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார். நாற்காலியில் இருப்பவர்கள் கெட்டவர்களாக இருக்க வேண்டியதில்லை. களத்து வீட்டம்மாவும் அடுத்த வருஷம் ஆள் அனுப்பி, ஏன் வருவதில்லை என்று அம்மாவைக் கேட்டார். "வேல இருக்குதுங்க" என்று அம்மா சொல்லிவிட்டாள். அவர் இப்போது இல்லை. அந்தக் களத்தை விற்றுவிட்டார்கள். இன்னொன்றையும் கவனி. பேசுகிறவள் தன்னைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. அந்த அறைக்கு வராத யாரோ ஒருத்தியையும் சேர்த்துத்தான் பேசுகிறாள். அன்றைக்கு எங்கள் எல்லோரையும் கேட்டார்கள். களத்தில் உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தவளை யாரும் கேட்கவில்லை. மேடமும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தத் தப்பு உன்னால் இரண்டாம் தடவை நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் உடனே பதில் சொல்லாமல் இருந்தேன். உன் ஆயா வேண்டாம் என்றால் அந்தக் கதையை நீ கள்ளக்குறிச்சியில் மட்டுமில்லை, எந்த ஊரிலும் சொல்லக் கூடாது. படத்தையும் காட்டக் கூடாது. உனக்கு அது கஷ்டம் என்று தெரியும். உன் வேலையே அதில் ஆரம்பித்தது. ஆனாலும் அது அவளுடையது. அவளிடம் கேட்கவேண்டியது நான்தான், நீ இல்லை. சார்ட்டில் எழுதியிருந்ததையும் சேர்த்து நான்தான் அவளுக்குச் சொல்ல வேண்டும்.

இதுவரைக்கும் எழுதியதை நேற்று மத்தியானம் அவளுக்குப் படித்துக் காட்டினேன். பேச ஆரம்பித்தால் பாதியில் நின்றுவிடுவேன் என்று தெரிந்ததால் படித்தேன். அவள் முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் படித்து முடிக்கிற வரைக்கும் நிமிரவில்லை. மடி உதறுகிற இடம் வந்தபோது கை ஒரு நிமிஷம் நின்றது, பிறகு மறுபடி பொறுக்க ஆரம்பித்தது. முடித்துவிட்டு, "அவன் சொல்லட்டுமா, வேணாமாம்மா?" என்று கேட்டேன். அரிசியைப் புடைத்தாள். கல்லை வாசலில் வீசினாள்.

"செவுத்துல ஒரு கைப்புடின்னா எழுதி வெச்சிக்கிறாங்க?" என்று கேட்டாள்.

"ஆமா. நான் அப்டிதான் சொன்னேன்."

"ஒனக்கு இன்னா தெரியும்? ஒரு கைப்புடி நாலு புள்ளைங்களுக்கு எப்டி பத்தும்? ரெண்டு. இடுப்புல அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு. சொல்றதுன்னா சரியா சொல்லச் சொல்லு அவன்கிட்ட." முறத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, "இல்லன்னா நானே வந்து சொல்லிக்கறேன், மொத வரிசைதானே" என்றாள். அப்புறம், "அந்தச் சொம்பு இருக்குதா, பழைய சாமான்காரனுக்குப் போட்டுட்டியா?" என்றாள்.

நான் ஸ்டூல் போட்டு ஏறி, பரணில் பின்பக்கமாக இருந்த சொம்பை இறக்கினேன். பச்சை பிடித்திருந்தது. புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, வாசலில் வெயில் விழுகிற இடமாகப் பார்த்துக் கவிழ்த்து வைத்தேன்.